பேச்சுவாக்கில்

சேனாதிபதி அசோசியேட்ஸுக்குக் கட்சிக்காரர்கள் நேரில் வருவது நின்று வெகுநாளாகியிருந்தது. அதனால் அம்சவேணி வாசலில் வந்து நின்றபோது அவளை எங்கே உட்கார வைப்பது என்று வக்கீல் பிரமிளாவுக்குத் தெரியவில்லை. முன்பு கட்சிக்காரர்கள் காத்துக் கிடந்த அறையில் இப்போது ஓடாத ஏசியும் கால் உடைந்த நாற்காலிகளும்தான் கிடந்தன. பிரமிளா தன் மேஜைக்கு எதிரே இருந்த நாற்காலியிலிருந்து சாப்பாட்டுக் கூடையை எடுத்துக் கீழே வைத்தாள்.

"உக்காருங்க. போன்லயே பேசியிருக்கலாமே?"

"அந்தப் போன் புள்ளகிட்டப் பேசித்தானுங்க மேடம் இப்படி ஆச்சு," என்றாள் அம்சவேணி. உட்காரவில்லை.

அவள் போன் புள்ள என்றது 'வாக்கு' என்ற மென்பொருளை. திருப்பூரில் யாரும் அதை அதன் பெயரால் சொல்வதில்லை. பெண் குரல், அதுவும் பக்கத்து வீட்டுக்காரியின் குரல். காங்கேயத்துக்காரரிடம் காங்கேயத்துப் பேச்சு, கோபிக்காரரிடம் கோபிப் பேச்சு. எந்த நேரத்தில் கூப்பிட்டாலும் எடுக்கும். எவ்வளவு நேரம் புலம்பினாலும் "ம்… சொல்லுங்க" என்று கேட்டுக்கொண்டிருக்கும். கேட்டதிலிருந்து வழக்கைத் தானே எழுதிவிடும். எதிர்த்தரப்பு வக்கீல் அலுவலகத்திலும் இதேபோல ஒன்று இருக்கும். இரண்டும் தமக்குள் பேரம் பேசி, டீ ஆறுகிற நேரத்துக்குள் ஒரு முடிவுக்கு வரும். பிறகு அவரவர் கட்சிக்காரரைக் கூப்பிட்டு, முடிவைப் பக்குவமாக எடுத்துச் சொல்லிச் சம்மதம் கேட்கும். அந்தக் குரல் பதிவு கோர்ட்டுக்குப் போகும். கோர்ட் அதை ஆணையாக்கிவிடும். நடுவில் ஒரு வக்கீலின் கையெழுத்து சட்டப்படி வேண்டும். பிரமிளா அதற்காக வைக்கப்பட்டிருந்தாள்.

இதில் யாருக்கும் குறை இருக்கவில்லை என்பதையும் சொல்லியாக வேண்டும். அப்பா போட்ட வழக்கை மகன் நடத்திப் பேரன் முடித்துக்கொண்டிருந்த ஊர் இது. அங்கே ஒரே வாரத்தில் ஆணை கைக்கு வந்தால் யார் குறை சொல்வார்கள்? 'வாய்தா' என்ற சொல்லே வழக்கொழிந்து போயிற்று. புதிதாகச் சேர்ந்த ஜூனியர் பெண் பழைய வழக்குக் கட்டு ஒன்றில் அந்தச் சொல்லைப் பார்த்துவிட்டு அப்படி என்றால் என்ன என்று கேட்டாள். கேஸை இன்னொரு நாளைக்குத் தள்ளி வைப்பது என்றாள் பிரமிளா. எதற்காகத் தள்ளி வைப்பார்கள் என்றாள் அந்தப் பெண். பிரமிளா கொஞ்சம் யோசித்துவிட்டு, "சும்மாத்தான்" என்றாள். அப்போது அவளுக்கு வேறு பதில் தோன்றவில்லை.

அம்சவேணி பனியன் கம்பெனியில் செக்கிங் வேலை செய்பவள். தைத்து வருகிற பனியன்களை விரித்துப் பார்த்து, ஓட்டை, கறை, தையல் பிசகு இருந்தால் ஒதுக்கி வைக்க வேண்டும். நாளெல்லாம் நின்றபடி. புருஷன் ஈஸ்வரமூர்த்தி பெங்களூரில் ஒரு ஏற்றுமதிக் கம்பெனியில் மேற்பார்வையாளர். இருவரும் பிரிந்தாயிற்று. அதில் சண்டை எதுவும் மிச்சமில்லை. மிச்சமிருந்தது மகள் தன்ஷிகா. ஆறாம் வகுப்பு படிக்கிறாள். அவள் யாரிடம் இருப்பது என்பதுதான் வழக்கு.

"வெள்ளிக்கிழமை வந்து பாப்பாவக் கூட்டிட்டுப் போறாங்களாமுங்க. கோர்ட்லயே சொல்லியாச்சாமா. நான் எப்பொங்க ஒத்துக்கிட்டேன்?"

பிரமிளா கணினியில் கோப்பைத் திறந்தாள். இரு தரப்புச் சம்மதத்தின் பேரில் மகள் தந்தையிடம் வளர்வாள் என்று ஆணை சொன்னது. அடியில் ஒரு கையெழுத்து. அவளுடையதுதான். முந்தின நாள் ராத்திரி வீட்டுக்குக் கிளம்பும் முன் போட்ட கையெழுத்துகளில் அதுவும் ஒன்று. எது எதற்குப் போட்டோம் என்று அவளுக்கு நினைவில்லை.

"நீங்க செரின்னு சொல்லியிருக்கீங்களே?"

"செரிங்னு சொல்லியிருப்பனுங்க," என்றாள் அம்சவேணி. "அது சொல்லச் சொல்ல செரிங், செரிங்னுதான் கேட்டுட்டு இருந்தேன். ஒருத்தர் பேசறப்ப வாயத் தொறக்காமக் கம்முனு இருக்க முடியுமுங்களா?"

பிரமிளா நிமிர்ந்து உட்கார்ந்தாள். அவள் கோபிச்செட்டிப்பாளையத்துக்காரி. 'செரிங்' என்றால் என்ன என்று அவளுக்கு யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை. பெரியவர் ஒருவர் பேசினால் செரிங். ஒறம்பரைக்குப் போன சொந்தக்காரர் வீட்டில் இன்னொரு தோசை வைத்தால், வேண்டாம் என்று தட்டைக் கையால் மறைத்துக்கொண்டே செரிங். திட்டினாலும் செரிங். நீங்கள் சொல்வது காதில் விழுகிறது, உங்களை மதிக்கிறேன் என்பதற்கு மேல் அதில் ஒன்றும் கிடையாது. அதைப் போய் சம்மதம் என்று ஒரு மெஷின் எழுதிக்கொண்டால், எழுதியது சென்னையிலோ அமெரிக்காவிலோ உட்கார்ந்திருப்பவன் செய்த மெஷின் என்றுதான் அர்த்தம்.

"இது நிக்காது. நான் பாத்துக்கறேன். நீங்க வேலைக்குப் போங்க அம்மிணி," என்றாள் பிரமிளா.

"செரிங்," என்று சொல்லிவிட்டுப் போனாள் அம்சவேணி.

பிரமிளா கலந்தாலோசனை அறைக் கதவைச் சாத்திக்கொண்டு பதிவை ஓட விட்டாள். நடுவில் குக்கர் விசில், டிவியில் ஏதோ கார்ட்டூன், பாத்திரம் உருட்டுகிற சத்தம். அவற்றுக்கிடையே வாக்கு நிதானமாகச் சொல்லிக்கொண்டு போயிற்று. லீவுக்கு லீவு பாப்பாவ உங்ககிட்ட அனுப்பி வெப்பாங்க. செரிங். தெனமும் பொழுதோட வீடியோல பேசிக்கலாமுங்க. செரிங். பள்ளிக்கூடத்துல சொல்லி எடம் வாங்கிட்டாங்க. செரிங். கேட்கக் கேட்க பிரமிளாவுக்கு வழக்கு ஜெயித்துவிட்டது போலவே இருந்தது. கோர்ட்டில் இதைப் போட்டுக் காட்டினால் போதும். ஈரோட்டிலிருந்து பொள்ளாச்சி வரை எந்த நீதிபதிக்கும் இது புரியும்.

ஒழுங்காகச் செய்துவிடலாம் என்று மெஷினையும் ஒரு வார்த்தை கேட்டாள்.

"வாக்கு, அம்சவேணி சம்மதிச்சாங்கன்னு எத வெச்சு முடிவு பண்ணினே?"

"அவர் 'செரிங்' என்றார்." அலுவலகத்தில் இருப்பவர்களிடம் அது செய்தி வாசிக்கும் தமிழில்தான் பேசும்.

"எங்க ஊர்ல அது சம்மதம் இல்ல. கேட்டுட்டு இருக்கேன்னு அர்த்தம்."

"தெரியும். இந்த வட்டாரத்தில் பெரும்பாலும் அது மரியாதைச் சொல். அதனால் அவற்றை நான் சம்மதமாக எடுத்துக்கொள்ளவில்லை. கடைசியில் சொன்ன ஒன்றை மட்டுமே எடுத்துக்கொண்டேன். நீங்கள் அதுவரை கேட்கவில்லை. கேட்கிறீர்களா?"

"போடு," என்றாள் பிரமிளா. அது போட்டுக் காட்டியது.

குக்கர் அடங்கியிருந்தது. யாரோ டிவியை அணைத்தார்கள். அம்சவேணியின் குரல் வாய்க்கு வெகு அருகில், யாருக்கும் கேட்கக் கூடாது என்பதுபோல வந்தது. "அவளுக்குன்னு தனியா ஒரு ரூம் இருக்குமுங்களா?" இருக்கும் என்று சொல்லியிருப்பதாக வாக்கு சொன்னது. பிறகு யாரும் பேசவில்லை. மின்விசிறிச் சத்தம் மட்டும் கேட்டது. மெஷின் அவசரப்படுத்தவில்லை. மூச்சு ஒன்று உள்ளே போனது. "செரிங்."

பிரமிளா கோபிக்காரி. அதனால்தான் அது அவளுக்கு உறைத்தது. மற்றவை எல்லாம் வாயில் வந்தவை. இது அப்படி வரவில்லை.

"இதுதான் அவங்களுக்கு வேணும்னு உனக்கு யாரு சொன்னா?"

"அவரேதான்," என்றது வாக்கு. இன்னொரு நாளின் பதிவு ஓடியது. அம்சவேணி வேலை விட்டு வந்த அலுப்பில் பேசுகிறாள். கால் இரண்டும் கல்லாகக் கிடக்கிறது, இவள் வீட்டுப்பாடம் எழுத மாட்டேன் என்கிறாள், சொன்னால் எதிர்த்துப் பேசுகிறாள். "இவள எங்கயாச்சும் கொண்டு போயி உட்டுட்டா நான் நிம்மதியாத் தூங்குவனுங்க. அவங்கொப்பன்கிட்டயே தள்ளி உட்டுடறது தேவலைன்னு இருக்குது."

"அட, இது பேச்சுவாக்குல சொல்றது," என்றாள் பிரமிளா. "எங்கம்மா என்னைய வாரத்துக்கு ஒருக்கா இப்படிச் சொல்லுவாங்க."

"உங்கள் அம்மா என் கட்சிக்காரர் அல்ல."

அது கேலி செய்யவில்லை. அதற்குக் கேலி செய்யத் தெரியாது. தொடர்ந்து விளக்கிச் சொன்னது. அம்சவேணி சொன்ன எதையும் எதிர்த்தரப்புக்குத் தெரியப்படுத்தவில்லை. எதில் விடாப்பிடியாக நிற்பது, எதில் விட்டுக்கொடுப்பது என்று தீர்மானிக்க மட்டுமே பயன்படுத்திக்கொண்டது. ஒருமுறை சொல்லியிருந்தால் பொருட்படுத்தியிருக்காது. அவர் அதையே பல நாட்கள் திரும்பத் திரும்பச் சொன்னார். கட்சிக்காரர் என்ன விரும்புகிறார் என்பதை அவர் சொல்லிலிருந்து அல்லாமல் வேறு எதிலிருந்து அறிவது?

பிரமிளாவுக்கு அலுவலகத்தின் பெரிய வக்கீல் சேனாதிபதியின் பேனா நினைவுக்கு வந்தது. மெஷின் வருவதற்கு முன் கட்சிக்காரர் சொல்வதை அவர்தான் குறிப்பெடுப்பார். ஆள் விஷயத்தை விட்டு ஏசவும் புலம்பவும் தொடங்கினால் பேனாவை மூடி மேஜை மேல் வைத்துவிடுவார். டக்கென்று ஒரு சத்தம் கேட்கும். எதிரே இருப்பவருக்கும் அது புரியும். இனி பேசுவது கேஸுக்குள் போகாது. அப்புறம்தான் சிலர் வாய்விட்டே அழுவார்கள். அவர் பொறுமைசாலி ஒன்றும் இல்லை. பாதி நேரம் சுவர்க் கடிகாரத்தைத்தான் பார்த்துக்கொண்டிருப்பார். ஆனாலும் மூடி வைப்பார்.

இதை அவள் மெஷினிடம் சொன்னாள். நீயும் பேனாவை மூடியிருக்க வேண்டும் என்றாள்.

"எப்போது மூடுவது?" என்று கேட்டது வாக்கு. "புருஷன் அடிக்கிறான் என்பதைப் பேச்சுவாக்கில் மட்டுமே சொல்கிற பெண்கள் இருக்கிறார்கள். அதையும் எழுதாமல் விட்டுவிட வேண்டுமா?"

பிரமிளாவுக்குப் பழைய கட்சிக்காரி ஒருத்தியின் முகம் நினைவுக்கு வந்தது. அதைத் தொடர்ந்து போக அவள் விரும்பவில்லை. மெஷினை அணைத்தாள்.

சாயந்திரம் கம்பெனி டீ இடைவேளைக்கு அம்சவேணியை வாசலுக்கு வெளியே வரச் சொல்லியிருந்தாள். தலையிலும் புருவத்திலும் பஞ்சுத் தூசு ஒட்டியிருக்க, அவள் டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டே வந்தாள். பிரமிளா சுற்றி வளைக்கவில்லை.

"அந்தத் தனி ரூம் பத்திக் கேட்டதுக்கு அப்பறம் ஒரு செரிங் சொன்னீங்கல்ல. அது நெசமா சொன்னதா?"

அம்சவேணி டீயைக் குடிக்காமல் பார்த்துக்கொண்டே நின்றாள். உள்ளே மிஷின்கள் நின்றிருந்ததால் தெரு அமைதியாக இருந்தது.

"நெசமாத்தானுங்க சொன்னேன்." பிறகு சொன்னாள்: "எனக்கு அப்ப அப்படித்தான் இருந்துச்சு. அவளாச்சும் தனி ரூம்ல படுத்துப் படிக்கட்டும்னு. காலைல எந்திரிச்சுப் பாத்தா சாப்புட்ட தட்டக் கழுவாமயே போட்டுட்டுத் தூங்கிட்டா. திட்டிட்டே கழுவுனனுங்க. கழுவறப்பத்தான், ஐயோ, நாம என்ன சொல்லித் தொலைச்சோம்னு ஆச்சு. போன் புள்ளயக் கூப்புட்டேன். ஆணை வந்துருச்சுங்க்கா, அப்படிங்குது. ஒரு நாள்லீங்களா மேடம்? ஒரு கல்யாணத்துக்குச் சேலை எடுத்தாக் கூட மாத்திக்கலாம்னு வாரக்கணக்குல விடறாங்க."

"காலைல எங்கிட்ட ஒத்துக்கவே இல்லைன்னு சொன்னீங்களே."

"நீங்க அத நம்புவீங்கன்னு தோணுச்சுங்க. சொல்லிட்டேன்," என்றாள் அம்சவேணி. மணி அடித்தது. டீயைக் கீழே ஊற்றிவிட்டு உள்ளே போனாள்.

வழக்கு இப்போது விசித்திரமான இடத்தில் வந்து நின்றது. 'செரிங்' வெறும் மரியாதைச் சொல் என்று பிரமிளா வாதிட்டால் ஜெயித்துவிடலாம். யாரும் கடைசி செரிங்கைத் தனியாகக் கேட்கப் போவதில்லை. ஆனால் அது பொய். பொய் சொல்வது வக்கீலுக்கு ஒன்றும் புதிதில்லை. ஆனால் இந்தப் பொய், அம்சவேணிக்குத் தன் மனசே தெரியாது, அவள் வாயில் வருகிற சொல்லுக்கு அர்த்தமே கிடையாது என்று கோர்ட்டில் எழுதி வாங்குவது. அப்புறம் அவள் எதற்குச் சம்மதம் என்றாலும் யார் நம்புவார்கள்?

சேனாதிபதிக்கு இந்தச் சிக்கல் எல்லாம் இல்லை. விஷயத்தைக் கேட்டவுடன் அவருக்கு வேர்த்துவிட்டது. செரிங்கைக் கோர்ட்டுக்குக் கொண்டுபோனால் இந்த ஜில்லாவில் வாக்கு முடித்து வைத்த அத்தனை வழக்கும் ஒவ்வொன்றாகத் திறந்துகொள்ளும் என்றார். நாளைக்கே நூறு பேர் வந்து நானும் செரிங்னுதான் சொன்னேன் என்பார்கள் என்றார். அவர் சொன்னது சரிதான். கடைசியாக, "அந்தப் புள்ளைக்கு அங்க தனி ரூம் கெடைக்குது. நீ எதுக்கு அம்மிணி கெடுக்கறே?" என்றார். மேஜை மேல் அவர் பேனா கிடந்தது. மை காய்ந்து எத்தனையோ காலம்.

செரிங் பற்றிக் கோர்ட்டில் ஒரு வார்த்தை பேச மாட்டேன் என்று பிரமிளா அவருக்கு வாக்குக் கொடுத்தாள். அதைக் காப்பாற்றவும் செய்தாள்.

மறுநாள் குடும்பநல நீதிமன்றத்தில் கூட்டமே இல்லை. இப்போதெல்லாம் இருப்பதில்லை. நீதிபதி இளம்பெண், பணிக்கு வந்து அதிக காலம் ஆகாதவர். பெஞ்ச் கிளார்க் மட்டும் பழைய ஆள். ஒரு பக்கம் அம்சவேணி. இன்னொரு பக்கம் ஈஸ்வரமூர்த்தி, பஸ்ஸிலிருந்து இறங்கி நேராக வந்தவன்போலச் சட்டை கசங்கியிருந்தது. அவன் பக்கத்து வக்கீலும் பிரமிளாவைப் போலக் கையெழுத்துக்கு மட்டும் வைக்கப்பட்டவர்தான். எதிரிகள் என்றில்லாமல் ஒருவரையொருவர் பார்த்துத் தலையசைத்துக்கொண்டார்கள்.

"ஆணை வந்த பிறகு என்ன கேக்கறீங்க மேடம்?" என்றார் நீதிபதி. "உங்க கட்சிக்காரர் சம்மதிக்கலையா?"

"சம்மதிச்சாங்க, யுவர் ஆனர். பதிவு இருக்கு. அது உண்மையான சம்மதம்தான்."

அம்சவேணி அவளைத் திரும்பிப் பார்த்தாள். பிரமிளா அந்தப் பக்கம் பார்க்கவில்லை.

"அப்பறம்?"

"வாய்தா கேக்கறேன்."

பெஞ்ச் கிளார்க்கின் கை தட்டச்சில் அப்படியே நின்றது. எத்தனையோ வருஷத்துக்குப் பிறகு ஊர்க்காரன் ஒருவனைச் சந்தையில் பார்த்ததுபோல அவர் முகம் மாறியது. நீதிபதி தன் திரையைப் பார்த்தார். ஆணை ஏற்பு, ஆணை ரத்து என்று இரண்டுதான் அதில் இருந்தன.

"எதுக்கு வாய்தா? புது ஆதாரம் இருக்கா? சாட்சி?"

"ஒண்ணும் இல்லீங்க. சம்மதிச்சவங்க ஒரு தடவை தூங்கி எந்திரிச்சு, தட்டக் கழுவி, வேலைக்குப் போயிட்டு வந்து, அப்பவும் அதையே சொல்றாங்களான்னு பாக்கணும். முன்னெல்லாம் நாங்க வேற எதுக்காகவோ இழுத்தடிப்போம். ஆனா அந்த இழுவைக்குள்ள இதுவும் நடந்துட்டு இருந்துச்சு. இப்ப அதுக்கு எடமில்ல. அந்த எடந்தான் வேணும்."

நீதிபதி நாற்காலியில் சாய்ந்துகொண்டார். பிறகு எதிர்த்தரப்பைப் பார்த்து ஆட்சேபணை உண்டா என்றார்.

ஈஸ்வரமூர்த்தியின் கைபேசி அதிர்ந்தது. அவன் பக்கத்து மெஷின் அறைக்குள் நடப்பதைக் கேட்டுக்கொண்டுதான் இருந்தது. என்ன சொல்லியிருக்கும் என்று எல்லோருக்கும் தெரியும். ஆட்சேபணை சொல்லுங்கள், ஆணை உங்கள் பக்கம் இருக்கிறது. அவன் திரையைப் படித்தான். அம்சவேணியை ஒரு தடவை பார்த்தான். கைபேசியைக் கவிழ்த்து மேஜை மேல் வைத்தான். டக்கென்று ஒரு சத்தம்.

"செரிங்," என்றான்.

நீதிபதி திரையில் எங்கே குறிப்பது என்று தேடினார். பெஞ்ச் கிளார்க் எழுந்து, அலமாரிக்குள்ளிருந்து ஒரு தாளை எடுத்து, ஆணை நிறுத்தி வைக்கப்படுகிறது, அடுத்த மாதம் விசாரணை என்று கையாலேயே எழுதி அவர் முன்னால் நீட்டினார். நீதிபதி கையெழுத்துப் போட்டார்.

வெளியே டீக்கடையில் பிரமிளா, அம்சவேணி, ஈஸ்வரமூர்த்தி மூவரும் ஒரே பெஞ்சைச் சுற்றி நின்றார்கள். யாரும் யாரையும் கூப்பிடவில்லை, கோர்ட்டுக்கு எதிரே இருப்பது அந்த ஒரு கடைதான். ஈஸ்வரமூர்த்தி ரோட்டைப் பார்த்தபடி பேசினான்.

"நான் லீவுக்குத்தான் கேட்டது. கோடை லீவுக்கு ஒரு மாசம். எச்சாக் கேட்டாத்தான் ஒரு மாசமாச்சும் கெடைக்கும்னு எங்க மெஷின் முழுசாக் கேட்டுச்சு. பாத்தா முழுசாவே வாங்கிக் குடுத்துருச்சு."

"அப்ப வேண்டாம்னு சொல்லியிருக்கலாம்ல?" என்றாள் அம்சவேணி.

"பெத்த புள்ளைய எடுத்துக்கோன்னு குடுக்கறாங்க. வேண்டாம்னு எப்படிச் சொல்றது? எந்தக் கோர்ட்ல சொல்றது?"

"தனி ரூம் இருக்குன்னு சொன்னீங்களாமே."

"ரெண்டு ரூம் வீடாப் பாத்துக்கலாம்னு பேச்சுவாக்குல சொன்னேன். இப்ப மூணு பேரோட ஒரு ரூம்லதான் கெடக்கறேன். வெள்ளிக்கிழமை அவளக் கூட்டிட்டுப் போயி எங்க படுக்க வெக்கறதுன்னு எனக்கே தெரியாது."

அம்சவேணி சிரித்தாள். நல்ல சிரிப்பு இல்லை. ஆனால் சிரித்தாள். பிரமிளா டீக்குக் காசு கொடுத்துவிட்டு அங்கிருந்து நகர்ந்தாள்.

அடுத்த மாதம் இருவரும் வந்தார்கள். முடிவெடுத்தாயிற்றா என்று நீதிபதி கேட்டார். இருவரும் ஒருவரையொருவர் பார்த்தார்கள். அம்சவேணிதான் முதலில் சொன்னாள். "இன்னொரு வாய்தா கெடைக்குமுங்களா?" ஈஸ்வரமூர்த்தி ஆட்சேபிக்கவில்லை. அதற்கு அடுத்ததிலும் ஆட்சேபிக்கவில்லை.

சேனாதிபதி அலுவலகத்தில் முடிந்த வழக்குகள் பச்சையாகவும் முடியாதவை சிவப்பாகவும் சுவர்த் திரையில் புள்ளிகளாகத் தெரியும். பச்சைக்கு நடுவில் ஒரே ஒரு சிவப்புப் புள்ளி அணையாமல் நின்றது. அவர் அதைப் பார்த்துப் பார்த்துச் சலித்து, கடைசியில் அந்தக் கட்டோடு பிரமிளாவையும் வெளியே அனுப்பினார். அவள் கோர்ட் ரோட்டில் ஜெராக்ஸ் கடை மாடியில் ஒரு சின்ன அறை பிடித்தாள். மற்ற வக்கீல்கள் அவளை 'வாய்தா வக்கீல்' என்றார்கள். அது பாராட்டு இல்லை. வருமானமும் பெரிதாக இல்லை. வந்தவர்கள் பெரும்பாலும் ஒரு முறை சரி என்று சொல்லிவிட்டு அப்புறம் தூக்கம் வராதவர்கள். சிலர் தள்ளி வைத்துவிட்டு, திரும்பி வந்து, மெஷின் சொன்னதையே ஒப்புக்கொண்டு போனார்கள். மெஷின் சொன்னது பல தடவை சரியாகத்தான் இருந்தது. அதை அவள் யாரிடமும் மறைக்கவில்லை.

அவள் மேஜையில் மூடி போட்ட பேனா ஒன்று இருந்தது. எப்போது மூடுவது என்ற கேள்விக்கு அவளுக்குப் பதில் கிடைக்கவேயில்லை. சில தடவை மூடக் கூடாத நேரத்தில் மூடினாள். மூடிய பிறகு, எதிரே இருப்பவள் ஏதோ சொன்னதைக் கேட்டுவிட்டு மறுபடி திறந்த நாட்களும் உண்டு.

வாய்தாவுக்கு வாய்தா அம்சவேணி வந்து அந்த மேஜைக்கு எதிரே உட்கார்ந்து மகளைத் திட்டினாள். கணக்கில் ஃபெயில். பூட்டி வைத்திருந்த போனை எடுத்து ஒளிந்துகொண்டு பேசுகிறாள். என்னைப் பார்த்துக் கத்துகிறாள். "எங்கயாச்சும் கொண்டு போயி உட்டுடலாம்னு இருக்குதுங்க." பிரமிளா பேனாவை மூடுவாள். கோடை லீவுக்குத் தன்ஷிகா பெங்களூர் போவாள். ஈஸ்வரமூர்த்தி இரண்டு அறை வீட்டுக்கு மாறியிருந்தான். ஒரு வருஷம் அவளே அங்கே இருந்து படிக்கிறேன் என்று போய், பாதியில் திரும்பி வந்தாள். எந்த ஆணையும் அதற்குத் தேவைப்படவில்லை. நீதிபதிகள் மாறினார்கள். ஒவ்வொருவரும் வந்து கட்டைப் புரட்டி, இது என்ன இன்னும் முடியவில்லையா என்று முகத்தைச் சுளித்து, இருவரையும் பார்த்து, தேதி போட்டார்கள்.

கடைசித் தேதியில் பெஞ்சில் இருந்தவர் வயதானவர். கிளார்க்கும் புதியவர்தான். அவர் கட்டைப் பார்த்துவிட்டு நீதிபதியிடம் எதையோ காட்டினார். நீதிபதி மூக்குக் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு படித்தார்.

"பொண்ணுக்குப் பதினெட்டு முடிஞ்சுருச்சே. இனி இதுல கோர்ட்டுக்கு வேலை இல்ல. மேஜராயிட்டதால வழக்கு முடிச்சு வைக்கப்படுதுன்னு எழுதிடறேன்." நிமிர்ந்து பார்த்தார். "ரெண்டு பேருக்கும் சம்மதந்தானே?"

பின்வரிசையில் தன்ஷிகா கால் மேல் கால் போட்டுக் கைபேசியைப் பார்த்துக்கொண்டிருந்தாள். காலேஜில் சேர இன்னும் இரண்டு வாரம் இருந்தது. கோயமுத்தூர். அம்மாவிடமும் இல்லை, அப்பாவிடமும் இல்லை, ஹாஸ்டல்.

அம்சவேணி திரும்பி அவளைப் பார்த்தாள். ஈஸ்வரமூர்த்தியும் பார்த்தான். மின்விசிறி சுற்றிக்கொண்டிருந்தது. நீதிபதி பேனாவுடன் காத்திருந்தார்.

"செரிங்," என்றார்கள் இருவரும், ஏறக்குறைய ஒரே நேரத்தில்.

எந்தச் செரிங் என்று யாரும் கேட்கவில்லை.